ஹிந்தியில் மட்டும் இருந்த அப்பா

1

சூவாவில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் பேச்சு நின்றுவிடும். தகரக் கூரை. எதிரில் நிற்பவர் வாய் அசைவது தெரியும், சொல் வந்து சேராது. இந்தப் பிஜித் தீவுக்கு வந்த புதிதில் நானும் என் வீட்டுக்காரரும் சண்டை போடுவதற்குக்கூட மழை விடக் காத்திருப்போம். இப்போது எல்லாம் பழகிவிட்டது. கப்பலை விட்டு இறங்கி எட்டு வருஷம் ஆகிறது. இறங்கிய நாளை மறக்காமல் வருஷா வருஷம் பாயசம் வைத்துக் கொண்டாடுவது எங்கள் வீட்டு வழக்கம். அழுதுகொண்டே இறங்கியவள் நான்தான், பாயசத்துக்கு முந்திரி தேடி அலைகிறவளும் நான்தான்.

இந்த வருஷம் பாயச நாளன்று நல்ல மழை. சமையலறையில் உட்கார்ந்து டாலோ கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். டாலோ என்பது நம் சேப்பங்கிழங்குக்கு அண்ணன், கை அரிப்பிலும் அண்ணன்தான். என் மகள் லலிதா, ஒன்பது வயது, பள்ளிக்கூடத்து ஹிந்தி வாசகப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் காதுக்குள் கத்தினாள்.

"அம்மா, இந்தக் கதையில வர வக்கீல் எவ்வளவு பெரிய புளுகன் தெரியுமா?"

கத்திக் கத்தியே கதையைச் சொன்னாள். ஒரு வக்கீல் இருக்கிறார். தினம் காலையில் தலைப்பாகை கட்டிக்கொண்டு, "இன்றைக்குப் பெரிய வழக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். உண்மையில் அவருக்கு வழக்கே கிடையாது. ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து படகோட்டிகளிடம் பொய் வழக்குகளைச் சொல்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே வழக்கை மனைவியிடம் சொல்கிறார். அவளும் நம்புகிறாள். லலிதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்த மாமிக்கு மூளையே இல்லியா அம்மா?" என்று கேட்டாள்.

நான் கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தேன். அந்த வக்கீல் என் அப்பா. மூளையில்லாத மாமி என் அம்மா. இருவரும் மயிலாப்பூரில் சௌக்கியமாக இருக்கிறார்கள். அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது.

2

லலிதாவின் ஹிந்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் இங்கே தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்க வந்த வாத்தியார். ஊரார் பிள்ளைகளெல்லாம் அவரிடம் ஆத்திசூடி படிக்கிறார்கள். சொந்தப் பெண் மட்டும் தெருவில் ஹிந்தி, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், எங்களிடம் காரியம் ஆக வேண்டுமானால் தமிழ். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள் பல ஜில்லாக்காரர்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு ஹிந்தியைச் செய்துகொண்டார்கள். அதில் ஆண்பால் பெண்பால் என்ற தொந்தரவெல்லாம் இல்லை. லலிதாவுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

எனக்குத் தெரிந்ததோ மயிலாப்பூரில் படித்த அச்சு ஹிந்தி. வந்த முதல் வாரம் சந்தையில் ஒரு காய்க்காரப் பாட்டியிடம், "தேவி, கத்தரிக்காய்களின் விலையை அருள்கூர்ந்து தெரிவிப்பீர்களா?" என்கிற பாணியில் கேட்டேன். அவள் எழுந்து நின்று கைகூப்பினாள். ராமாயணம் சொல்ல வந்தவள் என்று நினைத்துவிட்டாளாம். இன்றும் அந்தப் பாட்டி எனக்கு ஒரு கத்தரிக்காய் கூடப் போடுவாள். நானும் அவள் ஆசையைக் கெடுப்பானேன் என்று அந்தப் பாணியிலேயே பேசிவிட்டு வருவேன்.

ஊரில் இப்போது ஹிந்தி வேண்டும், வேண்டாம் என்று பெரிய வாதம் நடப்பதாகப் பத்திரிகைகளில் பார்க்கிறேன். வாதம் செய்யத் தெரிந்தவர்கள் செய்யட்டும். எனக்கு அந்தப் பாஷை வேறு விதமாக வந்தது.

அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கார் ஆபீசுக்குப் போக வேண்டும். குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார்கள். இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு குமாஸ்தா மயிலாப்பூர் என்பதையே என் குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார். திருத்தப் போனால் இன்னும் மூன்று பாரம் எழுத வேண்டும் என்றார். ஆகவே பிஜி சர்க்காரைப் பொறுத்தவரை நான் ஸ்ரீமதி மயிலாப்பூர்தான். அது போகட்டும். அதே பாரத்தில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம் உண்டு. வருஷா வருஷம் அந்தக் கட்டத்தில் வக்கீல் என்று எழுதுகிறேன். வருஷா வருஷம் பேனா ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் எழுதுகிறது.

3

அந்தக் கதையை எழுதியவர் எங்கள் வீட்டு மாடியில் ஏழு வருஷம் குடியிருந்தார். பெயர் திரிலோகிநாத். காசிக்காரர். எங்கள் தெருவுக்கு அவர் பண்டிட்ஜி. ஹிந்திப் பிரசாரத்துக்காக ஒரு வருஷம் என்று சென்னைக்கு வந்தார். ஒரு வருஷம் முடிந்ததும் மாம்பலத்துப் பக்கம் புதிதாக மனை போட்டு வீடு கட்டுகிறார்களே, அங்கே காற்றோட்டமாக இருக்குமென்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அங்கே சத்தமே இல்லை. எப்படி எழுதறது?" என்று சொல்லிவிட்டு எங்கள் மாடியிலேயே தங்கிவிட்டார்.

சத்தம் வேண்டுமென்றவர், தாமும் போதுமான சத்தம் போட்டார். காலையில் குளித்துவிட்டு, தாழ்வான சாய்மேஜை முன் சப்பணமிட்டு உட்கார்வார். கதையில் யார் பேசினாலும் அவர் குரலில் தாமும் பேசிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். கிழவர் இருமினால் இருமுவார். மாமியார் வைதால் வைவார். வந்த புதிதில் ஒரு நாள் அம்மா, கையில் கரண்டியோடு பாதி மாடிப்படி ஏறிவிட்டாள். "மாடியில யாரோ பொம்மனாட்டி அழுதுண்டிருக்கா! என்ன அநியாயம் இது?" என்றாள். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அவர்தான். அத்தியாயம் முடியற மட்டும் அழுவாராம்" என்றார்.

அவருக்கு இன்னொரு விநோதப் பழக்கம். எழுதி முடித்த கதையை முதலில் ஹிந்தி தெரியாத ஒருவருக்குப் படித்துக் காட்டுவார். பாஷை தெரிந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், தெரியாதவர்களுக்கு அலுத்தால் கொட்டாவி தானாக வந்துவிடும் என்பது அவர் கட்சி. அந்த ஹிந்தி தெரியாதவர் என் அம்மா. அவள் கூடத்தில் அரிவாள்மணையோடு உட்கார்ந்து காய் நறுக்குவாள். அவர் மாடிப்படியில் நாலாவது படியில் உட்கார்ந்து படிப்பார். முடிந்ததும் அம்மா தீர்ப்புச் சொல்லுவாள். "நடுவுல ஒருத்தர் பேசிண்டே போனாரே, அது நீளம்." உடனே அவர் மேலே போய் அந்த இடத்தில் ஒரு பக்கம் வெட்டுவார். வடக்கே அவர் கதைகளைக் கச்சிதம் என்று கொண்டாடினார்களாம். அதில் பாதிக் கச்சிதம் அரிவாள்மணையிலிருந்து போனது என்று அங்கே யாருக்கும் தெரியாது. லலிதாவின் புத்தகத்தில் அவரைப் பற்றி நாலு வரி போட்டிருக்கிறார்கள். தென்னாட்டிலும் சில காலம் வசித்தார் என்று அரை வரி. ஏழு வருஷம் அம்மா கையால் ரசம் சாப்பிட்டவருக்கு அரை வரி! எனக்குக் கோபம் வந்தது.

தமிழை அவர் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டார். அதனால் எங்காத்துத் தமிழ் பேசினார். போகப் போக அதில் வேறொன்றும் கலந்தது. ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "மாமி, ஆத்துல இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்றார். அம்மா திடுக்கிட்டுப் போனாள். "இந்தப் பேச்சை எங்கேர்ந்து பிடிச்சுண்டு வந்தேள்?" என்று கேட்டாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டு மோர் கேட்டார்.

4

அப்பா தினம் ஒன்பதரைக்குக் கிளம்புவார். கறுப்புக் கோட்டு, வெள்ளைத் தலைப்பாகை, கையில் சிவப்பு நாடா கட்டிய கட்டு. லஸ்ஸில் டிராம் ஏறி ஹைகோர்ட்டுக்குப் போவார். தஞ்சாவூர்ப் பக்கத்து நிலத்திலிருந்து நெல் வந்துகொண்டிருந்தது, மாடியில் குடித்தனம் இருந்தது, ஆகவே வீட்டில் யாரும் எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

சாயங்காலம் வந்து கோட்டைக் கழற்றி மாட்டி, காபி சாப்பிட்டு, ஊஞ்சலில் உட்காருவார். அன்றைய வழக்கு ஆரம்பமாகும். ஜட்ஜ் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பதும், எதிர்க்கட்சி வக்கீல் வெற்றிலையை அவசரமாக விழுங்குவதும், சாட்சிக் கூண்டில் ஒரு செட்டியார் தலை சுற்றிச் சாய்வதும் எங்கள் கூடத்தில் நடக்கும். அம்மா தூணில் சாய்ந்துகொண்டு, "அப்பறம்? அப்பறம் என்னாச்சு?" என்பாள். ஊரில் மற்ற மாமிகள் கதாகாலட்சேபத்துக்குப் போனார்கள். அம்மா போனதில்லை. "எங்காத்துலயே தினம் நடக்கறது" என்பாள். அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்குப் பதினாறு முடிந்த சமயம், திடீரென்று அப்பா என்னை ஹிந்தி படிக்கச் சொன்னார். பண்டிட்ஜி பக்கத்துத் தெருவில் பெண்களுக்கென்று பிற்பகலில் வகுப்பு நடத்திவந்தார். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "வரன் பாக்கற நேரத்துல ஹிந்தி எதுக்கு? காசிக்கா கட்டிக் கொடுக்கப் போறேள்?" என்று கேட்டாள். எதற்கும் அம்மாவை எதிர்க்காத அப்பா இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "படிக்கட்டும். நன்னாப் படிக்கட்டும்" என்றார். நானும் நன்றாகவே படித்தேன். ஒன்றரை வருஷத்தில் மூன்று பரீட்சை தேறினேன். பண்டிட்ஜிக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையில்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். தம் கதைகள் வெளிவந்த வடநாட்டு மாதப் பத்திரிகைகளை ஒரு கட்டாகக் கட்டி என் கையில் கொடுத்தார். "இதுல எது பிடிக்கறதோ, அதைத் தமிழ்ல பண்ணு. இங்கே ஒரு பத்திரிகையில போடச் சொல்றேன்" என்றார். ஆயிரம் மைலுக்கு அப்பால் அச்சான கதைகள். மயிலாப்பூரில் ஹிந்தி தெரிந்தவர்கள் யார் என்ற தைரியத்தில் எழுதியவை. எங்களுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுத்தவர் தாமே என்பது அவருக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. இப்படி ஒரு தவற்றைச் சொந்தமாகக் கதை எழுதி, சொந்தமாக வகுப்பும் நடத்துகிறவர்தான் செய்ய முடியும்.

5

நாலாவது பத்திரிகையில் அந்த வக்கீல் இருந்தார். ஊர் காசி என்று போட்டிருந்தது. கடல் கங்கையாகியிருந்தது, அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஊஞ்சல் மட்டும் ஊஞ்சலாகவே இருந்தது, எதிர்க்கட்சி வக்கீல் வெற்றிலையை விழுங்கினார், செட்டியாருக்குப் பதில் ஒரு சேட் கூண்டில் சாய்ந்தார். அந்தச் செட்டியார் வழக்கை எங்கள் கூடத்தில் கேட்டுச் சிரித்தவள் நான். அதற்கு முந்தின பக்கத்தில் வேறொன்று இருந்தது. இளம் வயதில் அந்த வக்கீல் முதல் வழக்குக்கு எழுந்து நிற்கிறார். ஜட்ஜ் நிமிர்ந்து பார்க்கிறார். வக்கீலுக்குக் குரல் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு யாரும் அவரிடம் வழக்குக் கொண்டுவரவில்லை.

கதைக்காரர் கதை கட்டியிருக்கிறார், அப்பாவுக்கு அப்படி இருக்காது என்று சொல்லிக்கொண்டேன். பண்டிட்ஜிக்கு அந்த இன்னா எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று யோசித்தேன். கதையில் படகோட்டிகள், பேச்சில் குப்பத்து இன்னா. மறுநாள் வகுப்புக்குப் போகவில்லை. நேரே கிழக்கே நடந்தேன். மாதா கோயிலைத் தாண்டி, சாந்தோம் குப்பத்துக்குள் இறங்கினேன். மயிலாப்பூர் மாமிகள் யாரும் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. ஒளிந்துகொள்ள அதைவிடப் பத்திரமான இடம் வேறு கிடையாது.

மணலில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைத் தடுத்து நிறுத்தினாள். அவள் பெயர் அந்தோணியம்மா என்று அப்புறம் தெரிந்தது.

"யாரத் தேட்றே பாப்பா?"

"வக்கீல் ஒருத்தர்..."

"நைனாவையா? தோ, அந்தக் கட்டுமரத்தாண்ட குந்திக்கினு கீறாரு பாரு. கிட்டப் போயி சத்தம் கித்தம் போட்றாதே. கேசு நடந்துக்கினு கீது. இன்னும் தீர்ப்பு ஆவல."

பார்த்தேன். கோட்டை மடித்துக் கட்டுமரத்தின்மேல் வைத்திருந்தார் அப்பா. தலைப்பாகை இருந்தது. சுற்றிலும் ஏழெட்டு ஆண்கள் வலையைப் பழுது பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து நின்று கையை நீட்டி, ஜட்ஜைப் பார்த்து வாதாடிக்கொண்டிருந்தார். அலைச் சத்தத்துக்கு மேல் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"இன்னா கேசு?" என்று என்னை அறியாமல் நானும் அவள் பேச்சிலேயே கேட்டேன்.

"அண்ணன் தம்பி கெணத்துக் கேசு. நேத்து பாதில நின்னுபூட்ச்சு. ஜட்ஜி எந்திரிச்சிப் பூட்டாராம்" என்றாள். பிறகு என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். "மூக்கு அவுரு மூக்காட்டமே கீது. நீ அவுரு பொண்ணா?"

நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அட, இதுக்கு ஏன் கண்ணக் கசக்குறே? எங்க மனு எல்லாம் அவுரு எழுதுனதுதான். ஒரு அணா வாங்கினது கெடையாது. கோர்ட்டாண்ட போனா வாயி அடைச்சிக்கினு பூடுமாம். இங்க வந்தா எங்களுக்குல்ல வாயி அடைச்சிக்குது!" என்று சொல்லிச் சிரித்தாள். "வூட்டுக்குப் போ. நீ வந்தேன்னு நான் சொல்லல."

அன்று சாயங்காலம் எங்கள் கூடத்தில் அண்ணன் தம்பி கிணற்று வழக்கு நடந்தது. தீர்ப்போடு.

6

மறுநாள் பண்டிட்ஜியை மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டேன். பத்திரிகையை அவர் முன்னால் போட்டேன். "உங்களுக்குச் சாதம் போட்ட ஆத்தைக் கதையாக்கிட்டேளே. வெக்கமா இல்லையா?" என்று கேட்டேன். அந்த வயதில் என் வாய் அப்படித்தான். இப்போதும் ரொம்ப மாறவில்லை.

எந்தப் பத்திரிகை என்று பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோச்சுக்காதே பேட்டி, நீ என் பொண்ணு மாதிரி. நான் திருடலை. உங்க அப்பாகிட்ட படிச்சுக் காமிச்சுட்டுத்தான் அனுப்பினேன்."

"அப்பாவுக்கு ஹிந்தி தெரியாதே?"

"இங்கிலீஷ்ல சொல்லிண்டே வந்தேன். அந்தக் கட்டுமரத்து மேல உக்காந்துண்டு, மூணு நாள். ரெண்டு எடத்துல திருத்தினார். சம்மனுக்கும் வாரண்டுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதியிருக்கேள்னு கோச்சுண்டார்."

"கதையை வேண்டாம்னு சொல்லலையா?"

"சொல்லலை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தமிழ்ல வரக் கூடாது. ஆத்துல தெரியக் கூடாது. இதான்."

பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மாவுக்கு எல்லாக் கதையும் படிப்பேளே, இதையும் படிச்சேளா?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எல்லாத்தையும் படிக்கறேன், இதை மட்டும் எப்படி விடறது? படிச்சேன். நீளம்னு ஒரு எடத்துலயும் சொல்லலை. அரிவாள்மணையை மடக்கி வெச்சுட்டா. முடிஞ்சப்பறம், 'பாவம், யாரு அந்த மனுஷர்?'னு கேட்டா."

"என்ன சொன்னேள்?"

"காசியில எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல்னு சொன்னேன்."

எனக்கு இன்னொரு சந்தேகம் வந்தது. "ஆத்துல தெரியக் கூடாதுன்னு சொன்னவர், என்னை எதுக்கு ஹிந்தி படிக்கச் சொன்னார்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். கதை அச்சாகி வந்த மறுமாசம் உன்னைச் சேத்துக்கோன்னு வந்து நின்னார். ஏன்னு கேட்டேன். பதில் சொல்லலை. அடுத்த கேசை ஆரம்பிச்சுட்டார்."

நான் அந்தக் கதையைத் தமிழில் செய்யவில்லை. கட்டிலிருந்த வேறு ஒரு கதையைச் செய்தேன். கழுதையைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு வண்ணாரைப் பற்றியது. அச்சில் வந்தது. தெருவே பாராட்டியது.

7

பண்டிட்ஜியோடு சண்டை போட்ட அன்று சாயங்காலம் அப்பா புதிய வழக்கு ஒன்றை ஆரம்பித்தார். உயில் வழக்கு. நான் வழக்கம்போலக் கூடத்தின் ஓரத்தில் உட்காராமல் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிற இடத்தில், "உயில்ல கையெழுத்துப் போட்ட அன்னிக்குச் சாட்சி ஊர்லயே இல்லைன்னு எதிர்க்கட்சி சொன்னா என்ன பண்ணுவேள் அப்பா?" என்று கேட்டேன்.

ஊஞ்சல் நின்றது. இதுவரை நான் எந்த வழக்கிலும் குறுக்கே பேசியதில்லை. அப்பா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது. நான் பயந்துபோனேன். அவர் செருமிக்கொண்டு, "நல்ல கேள்வி. ஜட்ஜும் அதையேதான் கேட்டார்" என்றார். ஊஞ்சல் மறுபடியும் ஆட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு கல்யாணமாகிக் கப்பலேறும்வரை நான் தினம் ஒரு கேள்வியாவது கேட்டேன். நாள் முழுவதும் யோசித்து வைத்துக்கொண்டு கேட்பேன். சில நாள் அவருக்குச் சட்டென்று பதில் வராது. "அதை நாளைக்கு விசாரணைக்கு வெச்சிருக்கு" என்பார். மறுநாள் குப்பத்தில் யோசித்து வந்து சொல்லுவார். அவரும் நானும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக வேறு யாரோடும் நான் பேசியதாகவும் நினைவில்லை.

பண்டிட்ஜி எனக்குக் கல்யாணமான மறுவருஷம் காசிக்குத் திரும்பினார். பெரிய நாவல்கள் எழுதினார், பெரிய மனிதரானார். அங்கே கதையை யாருக்குப் படித்துக் காட்டுகிறாரோ தெரியவில்லை. சமீபத்து நாவல்கள் கொஞ்சம் நீளம் என்று இங்கே படித்தவர்கள் சொல்லுகிறார்கள்.

8

மறுபடி அந்த மழை நாளுக்கு வருகிறேன். கதையைச் சொல்லி முடித்த லலிதா, அதே மூச்சில், "நம்ம தாத்தா நிஜ வக்கீல்தானே? இதைத் தமிழ்ல எழுதி தாத்தாவுக்கு அனுப்பப் போறேன். படிச்சுட்டுச் சிரிப்பார்" என்றாள்.

தமிழில் ஒரு வரி எழுதச் சொன்னால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் பெண், தானாகத் தமிழில் எழுதப்போகிறேன் என்கிறாள். அவள் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஊற்றுப்பேனாவையே எடுத்துக் கொடுத்துவிட்டார். எனக்கோ வேறு கவலை. மயிலாப்பூருக்குப் போகும் எங்கள் கடிதங்களை முதலில் பிரிப்பது அம்மா. பிரித்து, கூடத்தில் நின்று, எல்லாரும் கேட்க உரக்கப் படிப்பாள். அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார். தன் வீட்டுக் கதையை, பேத்தி எழுதியதை, அம்மா தன் வாயாலேயே படிக்கிற காட்சி என் கண்முன் வந்தது. எந்த வரியில் அவள் குரல் நிற்கும் என்று யோசித்தேன்.

"தப்பில்லாம எழுதணும். நான் திருத்தித் தரேன், அவசரமில்லை" என்று லலிதாவின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றே அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வீட்டு விலாசத்துக்கு அல்ல, கோர்ட்டில் வக்கீல்கள் சங்கத்து விலாசத்துக்கு. காலையில் அங்கே போய்த் தலையைக் காட்டிவிட்டுப் பிற்பகல்தான் அவர் சாந்தோமுக்குப் போவார்; இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். லலிதா செய்ய இருந்ததை எழுதினேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முதல் முறையாக எழுதினேன். அவளிடம் பொய் சொல்லி மறைக்க எனக்கு மனமில்லை, என் தாத்தா இவர்தான் என்று அவள் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது, நானே தமிழில் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா, வேண்டாமென்றால் இத்தோடு விட்டுவிடுகிறேன் என்று கேட்டேன்.

இங்கிருந்து கடிதம் சிட்னி போய், கப்பல் மாறி, சென்னை சேர இரண்டு மாதம். பதில் வர இரண்டு மாதம். அந்த நாலு மாதமும் லலிதா, "திருத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அனுமதிச் சீட்டு ஆபீசுக்கு நடுவில் ஒரு முறை போய்வந்தேன். தகப்பனார் தொழில் கட்டத்தை நிரப்பாமல் கொடுத்துவிட்டேன். குமாஸ்தா பேசாமல் முத்திரை குத்தினார். மீதி நாட்கள் எப்போதும்போலவே போயின. டாலோ சீவினேன், துணி காயப் போட்டேன், மழைக்கு எடுத்தேன்.

போன வாரம் பதில் வந்தது. நடுவே நாலு வரி குடும்ப விசாரிப்பை விட்டுவிட்டு, மற்றதை அப்பா எழுதியபடியே தருகிறேன்.

"சௌ. பங்கஜத்துக்கு அநேக ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. குப்பத்தில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். தாராளமாக எழுது. லலிதாவுக்கும் எல்லாவற்றையும் சொல்லு. ஒரே ஒரு திருத்தம் உண்டு. பண்டிட்ஜி தம் கதையில் அந்த வக்கீல் கடைசி வழக்கில் தோற்றுப்போவதாக முடித்திருக்கிறார். அன்றே ஆட்சேபித்தேன், கதைக்கு அதுதான் பொருத்தம் என்று சாதித்துவிட்டார். நான் ஒரு வழக்கிலும் தோற்றது கிடையாது. சாந்தோமில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். நீ அதைச் சரியாக எழுத வேண்டும்.

"பத்திரிகை வருகிற அன்று நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. தபால்காரரிடம் நானே வாங்கிக்கொள்கிறேன். உன் அம்மாவைத் தூணில் சாய்ந்து உட்காரச் சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நானே படித்துக் காட்டுகிறேன். அவளுக்கு இதுவரை எத்தனையோ வழக்குகளைச் சொல்லியாயிற்று. இந்த ஒன்றில்தான் நான் இன்னும் எழுந்து நின்று பேசவில்லை."